பெரிய நாய்க்கு வெளியே கூடு: இரண்டு மழைக்காலத்துக்கும் தாங்கும்படி எப்படிக் கட்டுவது?

திருவட்டாறு விளை (கேள்வி)

வணக்கம். எங்கள் வீடு திருவட்டாறு அருகே, முன்புறம் தென்னையும் பின்புறம் ரப்பரும் நிற்கும் விளையில் உள்ளது. இரண்டு வயதான ராஜபாளையம் ஆண் நாய் ஒன்றை வளர்க்கிறோம். தோள்பட்டை வரை இரண்டேகால் அடி உயரம். இதுவரை வராந்தாவில்தான் படுத்து வந்தான். அம்மாவுக்கு மூச்சிரைப்பு கூடியதால், இனி அவனை வீட்டுக்குள் விட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

கிணற்றடிக்கும் மேற்கு மதிலுக்கும் இடையில் நான்கடிக்கு மூன்றடி அளவில் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி, மேலே தகர ஷீட் போட்டு, மேற்குப் பார்த்து இரும்புக் கிரில் கதவு வைத்துத் தருவதாகக் கொத்தனார் கூறுகிறார். எனக்கு அது கோழிக்கூட்டைச் சற்றுப் பெரிதாக்கியது போலத்தான் தோன்றுகிறது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளோ பனி பெய்யும் நாடுகளுக்கு உரியவை. வாசல் சிறிது, கூரை தாழ்வு, உள்ளே சூடு தங்க வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை இடிமழையும் பெய்யும் நம் ஊருக்கு எது பொருந்தும்? முறித்த ரப்பர் மரத்தின் பலகைகள் கையில் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தலாமா?

தக்கலை ஆசாரி

ரப்பர் பலகையை முதலில் மறந்துவிடுங்கள். மருந்து ஏற்றிப் பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் பூஞ்சையும் வண்டும் விரைவில் ஏறிவிடும். வெளியே மழை படும் இடத்தில் ஒரு பருவம்கூட உருப்படியாக நிற்காது. அயினி மரப் பலகை கிடைத்தால் அதுவே நல்லது. பழைய வீடு இடிக்கும் இடங்களில் வைரம் பாய்ந்த பனங்கட்டைகள் விற்பார்கள். கூரைக்கு அவையும் போதும். மரம் கெடாமல் இருக்க முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் பூசும் வழக்கம் நம் பகுதியில் உண்டு. ஆனால் அது தோலைப் பொள்ள வைக்கும் எண்ணெய் என்பதால், நாய் நக்கவோ கடிக்கவோ எட்டும் உயரத்தில் அதைப் பூசவே கூடாது.

இடம்தான் முக்கியம். மேற்குப் பார்த்த வாசல் வேண்டாம். தென்மேற்குப் பருவத்தில் சாரல் நேராக உள்ளே அடிக்கும், மற்ற நாட்களில் பிற்பகல் வெயில் இறங்கும். வீட்டின் கிழக்குச் சுவரோடு சேர்த்துச் சாய்ப்பாக இறக்கினால் மேற்குக் காற்றை வீடே தாங்கிக்கொள்ளும். வடக்கில் முழுச் சுவர், கிழக்கில் இரண்டடி அரைச்சுவரும் அதற்கு மேல் கம்பி வலையும், தெற்கில் வாசல் என்று அமையுங்கள். வடகிழக்குப் பருவமழை கிழக்கிலிருந்து சாய்ந்து அடித்தாலும், கூரையை மூன்றடி வெளியே நீட்டிவிட்டால் படுக்கை வரை வராது. மார்கழி, தை மாதங்களில் வெயில் தெற்கே சாய்ந்து விழுவதால், வாசல் வழியாகவே தரை உலர்ந்துவிடும்.

அளவைப் பொறுத்தவரை, நான்கடிக்கு மூன்றடியில் இந்த நாயால் கால் நீட்டிப் படுக்க முடியாது. ஆறடிக்கு ஐந்தடி வையுங்கள். தாழ்ந்த பக்கத்திலும் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம் இருக்கட்டும். குனிந்து நுழைய வேண்டிய கூட்டை யாரும் நாள்தோறும் கழுவ மாட்டார்கள்.

கூரைக்கு நான் சொல்வது மங்களூர் ஓடு. ஓடுகளின் இடுக்கு வழியாகச் சூடு வெளியேறிவிடும். சாய்வு மட்டும் குறையக் கூடாது. ஓட்டைப் படுக்க வைத்தால் சாரலில் ஒழுகும்.

ஆரல்வாய்மொழிப் பெண்

ஆசாரி அண்ணன் சொல்வது மலையோர ஊர்களுக்குச் சரியாக இருக்கலாம். கணவாய்க் காற்று வாங்கும் எங்கள் பக்கத்தில், சுவர் இல்லாத பக்கத்தில் நீட்டிய ஓட்டுக் கூரை ஆடி மாதம் தாங்காது. தகர ஷீட்டைத் திருகாணி போட்டு முடுக்கி, அதன் அடியில் ஓரடி இடைவெளி விட்டு மூங்கில் தட்டி கட்டியிருக்கிறோம். வெப்பம் அந்த இடைவெளியிலேயே நின்றுவிடுகிறது. மழை கொட்டும்போது தகரத்தில் எழும் சத்தத்துக்கு நாய் மிரளும் என்பது உண்மைதான். ஆனால் தட்டி அந்தச் சத்தத்தையும் ஓரளவு அடக்குகிறது.

ஓடானாலும் தகரமானாலும் தென்னைக்குக் கீழே மட்டும் கட்டாதீர்கள். தேங்காயும் காய்ந்த மட்டையும் நேரம் பார்த்து விழுவதில்லை. 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் சாய்ந்த மரங்களை நினைத்துப் பார்த்தால், ரப்பர் மரத்தின் ஓரத்தில் கட்டவும் எனக்கு மனம் வராது. அதோடு ரப்பர் தை, மாசியில் இலை உதிர்த்துவிடும். வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில்தான் நிழல் இல்லாமல் போகும்.

திருவட்டாறு விளை

இருவருக்கும் நன்றி. கிழக்குச் சுவரை ஒட்டி இடம் இருக்கிறது. மேலே தென்னை இல்லை, சற்றுத் தள்ளி ஒரு மா நிற்கிறது. எங்கள் பகுதியில் காற்று அவ்வளவு இல்லை என்பதால் ஓடே போடுகிறேன். தரைதான் இன்னும் குழப்பம். கொத்தனார் வழுவழுப்பாகச் சிமெண்ட் பூசலாம் என்கிறார். வீட்டில் மிஞ்சிய டைல்ஸைப் பதிக்கலாம் என்று அப்பா சொல்கிறார். அடியில் தென்னை ஓலையோ பழைய சாக்கோ விரித்தால் போதுமா?

கால்நடை மருத்துவர், நாகர்கோவில்

டைல்ஸ் வேண்டாம். ஈரம் பட்டால் பெரிய நாய் சறுக்கும். சறுக்கிச் சறுக்கி இடுப்பும் முட்டும் கெடும். தரையை முற்றத்தைவிட ஒன்றரை அடி உயர்த்தி, சிமெண்டை வழுவழுப்பாகத் தேய்க்காமல் சொரசொரப்பாக விட்டு, நீர் வாசல் பக்கம் வடியும்படி லேசான சரிவு கொடுங்கள். கழுவிய நீர் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது. கிணற்றடியை நீங்கள் கைவிட்டதும் நல்லதே. எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் எலியின் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் பரவும்; அது நாய்க்கும் வரும், மனிதர்க்கும் வரும். மீந்த சோற்றைக் கூட்டில் விட்டுவைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். ஆகவே உணவுத் தட்டை உடனே எடுத்துவிடுங்கள். எலிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும்.

ஓலையும் சாக்கும் உண்ணிக்கு வீடு. நாயின் மேல் இரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கூரை இடுக்கிலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுக் கூட்டை விட்டுவிடுபவர்கள், உண்ணி மீண்டும் மீண்டும் வருகிறதே என்று வருந்துவது இதனால்தான். உட்சுவரை விரிசல் இல்லாமல் பூசி, அவ்வப்போது சுண்ணாம்பு அடியுங்கள்.

ராஜபாளையத்துக்கு முடி குட்டை, உடம்பில் சதைப்பிடிப்பும் குறைவு. வெறும் சிமெண்டில் படுத்தால் முன்னங்கால் முட்டுகளில் முதலில் காய்ப்பு விழும், பிறகு நீர் கோத்து வீங்கும். இரும்புச் சட்டத்தில் நைலான் நாடா பின்னிய, முக்கால் அடி உயரக் கட்டில் ஒன்று செய்துகொடுங்கள். அடியில் காற்று ஓடும், கழுவி வெயிலில் சாய்த்து வைக்கலாம், உண்ணி ஒளியவும் இடம் குறைவு.

காற்றோட்டத்தை மழைக்குப் பயந்து அடைத்துவிடாதீர்கள். நாய் இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. காற்றில் ஈரப்பதம் கூடினால் அந்த வழி சரியாக வேலை செய்யாது. நம் ஊரில் வெப்பநிலை குறைவாகத் தோன்றும் புழுக்கமான நாட்களிலும் நாய்க்கு வெப்ப அயர்ச்சி வருவதற்கு இதுவே காரணம். வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள நாய்க்கு வெயில் நேராகப் பட்டால் தோலும் வெந்துபோகும்.

இன்னொன்று. கூடு என்பது படுக்க மட்டுமே. நாயை நடமாட விடாமல் எந்நேரமும் கட்டியோ அடைத்தோ வைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம்.

தக்கலை ஆசாரி

டாக்டர் சொன்னதற்காகவே கூட்டின் முன்னால் பதினைந்தடி நீளத்துக்கு வேலி போட்ட முற்றம் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வேட்டை நாய் இனம் என்பதால் வலை ஆறடிக்குக் குறையக் கூடாது. அடியில் தோண்டி வெளியேறாமல் இருக்க வலையின் கீழ் ஓரத்தைக் கான்கிரீட்டில் பதித்துவிடுங்கள். கதவு உள்பக்கமாகத் திறக்கட்டும். வெளிப்பக்கம் திறந்தால், நீங்கள் தாழை விலக்கும் நேரத்தில் முட்டித் தள்ளிக்கொண்டு ஓடிவிடுவான்.

ஆரல்வாய்மொழிப் பெண்

அந்த முற்றத்தின் ஒரு முனையிலிருந்து உங்கள் வீட்டு முன்வாசல் தெரிகிறதா என்று, கட்டுவதற்கு அளவுக் கயிறு பிடிக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வராந்தாவில் பழகியவன், ஆள் நடமாட்டம் தெரியாத மூலையில் விட்டால் இரவெல்லாம் குரைப்பான். கூடு கட்டி முடிந்ததும் முதல் நாளே பூட்டிவிடாமல், சில நாட்கள் கதவைத் திறந்தே வைத்து, சோற்றை மட்டும் அங்கே வைத்துப் பழக்குங்கள். அவன் படுத்த பழைய விரிப்பை நன்றாகத் துவைத்து, உண்ணி இல்லை என்று பார்த்துவிட்டு, அந்த நாடாக் கட்டிலில் போட்டால் சீக்கிரம் ஒன்றிவிடுவான்.