பயர்வால் லாக் கிளை சர்வருக்கு வந்தும் பதிவாகவில்லை, உதவுங்கள்

வணக்கம்ங்க. திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட்டின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். பயர்வால் பிஎஃப்சென்ஸ் 2.7.2. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதனால் இரண்டு ரிமோட் லாக் சர்வர் கொடுத்திருக்கிறேன். உள்ளூர் சர்வரில் ஒழுங்காக விழுகிறது. பெருந்துறைக் கிளையில் இருக்கும் உபுண்டு 22.04 சர்வரில் ஒன்பது நாளாக ஒரு வரிகூட இல்லை.

தலைமை அலுவலகத்துக்கும் கிளைக்கும் நடுவில் ஐபிசெக் டனல் (மறையாக்கம் செய்த விபிஎன் இணைப்பு). முதலில் பாக்கெட் டனலுக்குள்ளேயே போகவில்லை. சோர்ஸ் முகவரியை லேன் என்று மாற்றியதும் போனது. இப்போது கிளை சர்வரில் வரும் பாக்கெட்டைப் பார்க்கும் டிசிபிடம்ப் கட்டளையைப் போட்டால் யுடிபி 514-இல் பாக்கெட் வருவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கோப்பில் எதுவும் இல்லை. உபுண்டுவின் பயர்வாலான யுஎஃப்டபிள்யூவில் போர்ட்டைத் திறந்தேன். லாக்கை வாங்கிப் பதியும் ஆர்சிஸ்லாக் புரோகிராமும் போர்ட் 514-இல் காத்திருக்கிறது. கிளைக்குள் வேறு கணினியிலிருந்து லாகர் கட்டளையில் அனுப்பினால் உடனே பதிவாகிறது. தலைமை அலுவலகத்திலிருந்து பிங் மட்டும் போகவில்லை.

நேற்று ராத்திரி ஒன்றைக் கவனித்தேன். சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு. டனல் பாக்கெட் முதல் கார்டில் வருகிறது, டீஃபால்ட் ரூட்டோ (வேறு வழி சொல்லாத பாக்கெட் எல்லாம் வெளியே போகும் பாதை) கேமராக்களுக்கான இரண்டாவது கார்டில். ஆர்பி ஃபில்டரையும் யாரோ முன்பே 1 என்று வைத்திருக்கிறார்கள்; அதாவது, அனுப்பியவருக்குத் திரும்பும் வழி பாக்கெட் வந்த கார்டிலேயே இல்லாவிட்டால் லினக்ஸ் அதைத் தள்ளிவிடும். கேமராப் பதிவு ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது, அதனால் கை வைக்கப் பயமாக இருக்கிறது.

ஆர்பி ஃபில்டரை 2 (தளர்வான சோதனை) ஆக்குவதா, இல்லை தலைமை அலுவலக நெட்வொர்க்கான 192.168.10.0/24-க்கு முதல் கார்டு வழியாக ஸ்டாட்டிக் ரூட் போடுவதா, எது சரி?