47 வயதில் ஏறும் எடை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அக்கா, தங்கச்சி எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். சாப்பாடு கூடவில்லை, வேலையும் குறையவில்லை. ஆனாலும் வருஷத்துக்கு வருஷம் எடை ஏறுகிறது, அதுவும் வயிற்றைச் சுற்றித்தான். போன ஓணத்துக்குத் தைத்த ரவிக்கையில் உள்தையலைப் பிரித்துவிட்டும் கொக்கி மாட்ட முடியவில்லை.

தைராய்டு, சர்க்கரை இரண்டும் சரியாக இருக்கின்றன. மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் கொழுப்பு வயிற்றில் சேரும், வயதோடு தசையும் குறையும், அதனால் நடை மட்டும் போதாது, தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும் என்றார் டாக்டர். நம் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லதாம். எனக்கு அது தாண்டிவிட்டது.

எனக்கு மூட்டு வலி உண்டு, குந்தி எழ முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்றவற்றை வீட்டிலேயே செய்து பலன் கண்டவர்கள் எப்படித் தொடங்கினீர்கள்?

அப்புறம் சாப்பாடு. மதியம் கேரளச் சிவப்பு மட்ட அரிசிச் சோறு, இரவு புட்டும் பழமும், எல்லாவற்றிலும் தேங்காய். மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று, எனக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சமைக்க நேரமில்லை. பயறு, முட்டை, மீன் வைத்து வீட்டில் எல்லோருக்கும் ஆகிற மாதிரி இரவுச் சாப்பாட்டை மாற்றியவர்கள் விவரமாக எழுதுங்கள். எடை குறைக்கும் பொடி, பட்டினி மட்டும் வேண்டாம். பட்டினி கிடந்தால் தசையும் சேர்ந்து கரையும். சித்தூர், பாலக்காடு பக்கம் பெண்கள் சேர்ந்து பயிற்சி செய்யும் இடம் இருந்தாலும் சொல்லுங்கள்.