ஆத்தங்குடிக் கல் அச்சு: ஃப்ரீகேட் ஸ்கெட்ச்சில் அளவை மாற்றினால் பூ குலைகிறது

கேள்வி (காரைக்குடி):
வணக்கம். ஆத்தங்குடிப் பட்டறைகளில் கண்ணாடியின் மேல் வைத்து வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றும் தகட்டு அச்சுகளை ஃப்ரீகேட் என்னும் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் வரைந்து கொடுக்கிறேன். 8 அங்குலக் கல்லுக்குப் போட்ட நான்கிதழ்ப் பூவைப் பள்ளத்தூர் வீடொன்றின் பட்டாலைக் கூடத்துக்காக 10 அங்குலமாக மாற்ற வேண்டும். சதுரத்தின் பக்கத்தை 203.2 மி.மீ.யிலிருந்து 254 ஆக்கியதும் இரண்டு இதழ்கள் எதிர்ப்பக்கம் வளைகின்றன. அச்சின் மேல்முகத்தில் வரைந்த கைப்பிடி ஸ்கெட்ச்சோ (கோட்டு வரைபடமோ) வேறு முகத்துக்குத் தாவிவிடுகிறது. புதிதாக வரையாமல் திருத்த வழி உண்டா?

மறுமொழி 1 (தேவகோட்டை):
மொத்தமாகப் பெரிதாக்கினால் முடிந்தது, ஐயா. ஸ்கேல் 1.25 கொடுங்கள்.

மறுமொழி 2 (மதுரை):
அப்படிச் செய்தால் 2 மி.மீ. தடுப்புத் தகடும் 2.5 ஆகிவிடும், பட்டறையில் ஏற்க மாட்டார்கள்.

வளைவின் இரு முனைகளையும் ஆரத்தையும் மட்டும் கட்டுகளால் (அளவையும் இடத்தையும் நிலைநிறுத்தும் நிபந்தனைகளால்) பிடித்திருந்தால், வட்டமையம் இந்தப் பக்கமும் வரலாம், அந்தப் பக்கமும் வரலாம். இரண்டுமே கணக்குக்குச் சரியான விடைகள் என்பதால், எல்லாம் கட்டப்பட்டுவிட்டது என்று காட்டும் பச்சை நிறத்தில் ஸ்கெட்ச் முழுதும் இருந்தாலும் இதழ் திரும்பும். பச்சையை நம்பி ஏமாறுபவர்கள் பலர். உங்கள் பூவின் வளைவுகள் சதுரத்தின் பக்கங்கள் மேல் நிற்கும் அரைவட்டங்களாக இருந்தால், ஆரத்தை எண்ணாகக் கொடுக்கவே வேண்டாம்: வட்டமையத்தைப் பக்கத்தின் இரு மூலைகளுக்கும் சமச்சீராகக் கட்டி, வளைவின் முனையை மூலையோடு பொருத்துங்கள். பக்க அளவு மாறும்போது ஆரம் தானாக மாறும். அளவையும் ஒரேயடியாக மாற்றாமல் 215, 230 என்று படிப்படியாக ஏற்றுங்கள். சால்வர் (கட்டுகளுக்கேற்ப வடிவத்தைக் கணக்கிடும் பகுதி) இப்போதுள்ள வடிவத்திலிருந்தே விடையைத் தேடுவதால் சிறிய மாற்றத்தில் வழி தவறுவது குறைவு.

மறுமொழி 3 (திருச்சி):
கைப்பிடி தாவுவதற்குக் காரணம், முகங்களுக்கு மென்பொருள் தானே இடும் பெயர்கள் திருத்தத்துக்குப் பின் மாறிப்போவதுதான். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது, முற்றிலும் ஒழியவில்லை. ஆகவே அந்த ஸ்கெட்ச்சை முகத்திலிருந்து விடுவித்து மென்பொருளின் மாறாத எக்ஸ்ஒய் தளத்தோடு இணைத்து, அச்சின் உயரத்தை ஆஃப்செட்டாக (தளத்திலிருந்து தள்ளிவைக்கும் தூரமாக) கொடுங்கள். அந்த உயரத்தை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு கட்டத்தில் வைத்துப் பெயரிட்டு, அச்சுக்கும் ஆஃப்செட்டுக்கும் அந்தப் பெயரையே கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே நகரும்.

கோடுகளை அழித்து மீண்டும் வரைவதையும் தவிருங்கள், ஏனெனில் அந்தக் கோட்டைப் பிடித்திருந்த அடுத்தடுத்த வேலைகள் அறுந்துவிடும். வேண்டாத கோட்டை கன்ஸ்ட்ரக்‌ஷன் கோடாக (வழிகாட்டியாக மட்டும் நிற்கும் துணைக்கோடாக) மாற்றினால் கட்டுகள் நிலைக்கும். திருத்தத் தொடங்குமுன் கோப்பை வேறு பெயரில் சேமிப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கேட்டவர்:
நன்றி, ஐயா. வளைவுகள் அரைவட்டங்களே, மையங்களைக் கட்டியபின் 254 வரை இதழ்கள் திரும்பவில்லை. கைப்பிடியைத் தளத்துக்கு மாற்றும்போது அதற்குள் முகத்தின் விளிம்பிலிருந்து எடுத்த வெளிக்கோடு ஒன்று மிஞ்சுகிறது. அதையும் நீக்க வேண்டுமா?

மறுமொழி 3 (திருச்சி):
ஆம். அதற்குப் பதிலாக முதல் ஸ்கெட்ச்சின் கோட்டையே வெளிக்கோடாக எடுத்து, கட்டுகளை அதற்கு மாற்றிய பிறகு பழையதை நீக்குங்கள்.