போய்ப் போய் உட்கார்ந்தான், ஒரு சொட்டுகூட வரவில்லை

மும்பை செம்பூரில் நான்காவது மாடியில் இருக்கிறோம். எங்கள் கேசரிக்கு ஐந்து வயது. ஆரஞ்சு நிறக் கடுவன் பூனை. மழைக்கால ராத்திரி ஒன்றில், கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டருக்கு அடியில் கத்திக்கொண்டிருந்தவனை மகள் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாள். அப்போது நான் அடுப்பில் ரவை கிளறிக்கொண்டிருந்தேன். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

மீன் விற்கும் கோலி (இங்கத்திய மீனவர்) அம்மா எங்கள் மாடிக்கு வருமுன்பே வாசலில் போய் நிற்பான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கென்று இரண்டு மந்தேலி மீன் உண்டு. மற்ற நாளெல்லாம் பாக்கெட்டில் வரும் காய்ந்த தீனிதான். தண்ணீர் மட்டும் கிண்ணத்தில் குடிக்க மாட்டான். முன்னங்காலால் தட்டிப் பார்த்துவிட்டு, குளியலறைக் குழாயில் சொட்டுவதை நக்கப் போவான். அதை வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினோம். பிள்ளைக்குத் தண்ணீர் போதவில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன அக்டோபரில், மழை விட்டதும், கட்டிடத்துக்கு ரிப்பேர் வேலை ஆரம்பித்தது. நான்கு பக்கமும் மூங்கில் சாரம், பச்சை வலை. காலை ஒன்பது மணிக்குச் சுத்தியல் எடுத்தால் மாலை ஆறு வரை சுவர்ப் பூச்சைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே திடீர் திடீரென்று ஆள் தலை தெரியும். கேசரி பரணில் ஏறியவன் மூன்று நாள் சரியாக இறங்கவில்லை. பயந்திருக்கிறான், பழகிவிடுவான் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் இறங்கி, ஒன்றுக்கு இரண்டுக்குப் போகும் மண் தட்டுக்குப் போனான். உட்கார்ந்தான், எழுந்தான், அடிப்பக்கத்தை நக்கினான். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் போனான். நாலாவது தடவை உட்கார்ந்தபோது அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுத்தான். இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத குரல். மாமியார் பார்த்துவிட்டு, மலச்சிக்கல்தான், விளக்கெண்ணெய் கொடு என்றார். சாயங்காலம் பக்கத்து கிளினிக்குக்குக் கொண்டுபோனால் அங்கும் அதையேதான் சொன்னார்கள். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு சிரப் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ராத்திரி இரண்டு முறை வாந்தி எடுத்தான். பிறகு குளியலறைத் தரையில் நீட்டிப் படுத்துவிட்டான். எனக்கும் தூக்கம் வரவில்லை. தட்டையாவது சுத்தம் செய்யலாம் என்று கரண்டியால் கிளறினேன். நாங்கள் போடுவது ஈரம் பட்டால் கட்டியாகிவிடும் மண். தினம் மூன்று நான்கு கட்டி அள்ளுவேன். அன்று ஒன்றுகூட இல்லை. மலச்சிக்கல் என்றால் மூத்திரம் எங்கே போயிற்று? கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

விடிந்தும் விடியாமலும் டாக்ஸி பிடித்து பரேலுக்குப் போனோம். பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனைக்கு. டாக்டர் வயிற்றில் கை வைத்ததுமே, "மூத்திரப்பை கல் மாதிரி இருக்கு. எப்போதிலிருந்து போகவில்லை?" என்று கேட்டார். ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் மிகவும் குறுகல், பொடிப் படிகமும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும் என்று விளக்கினார். வெளியே போகவேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கிவிடும். பொட்டாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். இரண்டு மூன்று நாள் தாமதித்தால் உயிர் தங்காது. வீட்டில் வயிற்றை அமுக்கிப் பார்க்கக் கூடாது, பை கிழிந்துபோகலாம் என்றும் சொன்னார். மயக்கம் கொடுத்து மெல்லிய குழாயைச் செருகி, உள்ளே கழுவி விட்டு, சலைன் ஏற்றினார்கள். குழாயோடு இரண்டு நாள் இருந்தான். குழாயில் மாட்டியிருந்த முதல் பை நிரம்பியபோது சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

பயமும் இதற்கு ஒரு காரணமாகுமாம். சுத்தியல் சத்தமும் ஜன்னலில் தெரிந்த முகமும் அவன் மூத்திரப்பையைப் புண்ணாக்கியிருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. இப்போது இரண்டு வேளை ஈரத் தீனி, அதிலும் இரண்டு ஸ்பூன் வெந்நீர் கலந்து. தண்ணீர்க் கிண்ணம் நான்கு இடத்தில், எல்லாம் வாயகலமானவை, ஒன்றுகூட மண் தட்டுக்குப் பக்கத்தில் இல்லை. தட்டும் இரண்டாகிவிட்டது. ஒரு பூனைக்கு எதற்கு இரண்டு என்று கேட்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் தினமும் கட்டியை எண்ணுங்கள். கட்டி இல்லாத அன்றைக்கே ஓடுங்கள். சாதாரணம் என்று நீங்கள் விட்டுவிட்டு, பிறகு பெரிதாகிப்போன விஷயம் ஏதாவது இருந்தால் எழுதுங்களேன்.

*

மாட்டுங்காவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. ஆனாலும் மல்லி வந்தாள், வெள்ளைப் பெட்டை. தயிர்சாதம் போட்டால் தட்டை வழித்துச் சாப்பிடுவாள். எங்கள் பூனை சுத்த சைவம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

முதலில் கவனித்தது பாட்டிதான். "இவள் ராத்திரி கட்டிலுக்குத் தாவும்போது குறி தப்புகிறாள், பாரேன்." நல்ல வெளிச்சத்திலும் கண்ணின் பாப்பா அகன்றே இருந்தது. விழித்திரை கெட்டுக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். டாரின் என்ற சத்து பூனையின் உடம்பில் போதுமான அளவு சுரக்காது, மாமிசத்திலும் மீனிலும் இருந்துதான் கிடைக்கவேண்டும். அது இல்லாவிட்டால் பார்வை போகும் என்று 1975லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இதயத் தசையும் தளர்ந்துபோகும் என்பது 1987இல் தெரிந்தது. நாங்கள் தெரிந்துகொள்ள மல்லியின் கண் போகவேண்டியிருந்தது.

அன்று ராத்திரி வீட்டில் ஒருவரும் பேசவில்லை. மறுநாள் காலை பாட்டியே பேச்சை எடுத்தார். "அது புலி ஜாதி. நம்ம ஆசாரம் நம்மோட. பால்கனியில் தனித் தட்டு, தனி ஸ்பூன் வை." இப்போது அங்கே டின் மீன் தீனி நடக்கிறது. போன பார்வை திரும்பவில்லை, இதயம் நன்றாக இருக்கிறது. மேஜை நாற்காலியை நாங்கள் இடம் மாற்றுவதே இல்லை. பாட்டி தினம் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, "மல்லிக்குப் போட்டாச்சா?" என்று கேட்கிறார்.

*

சயானிலிருந்து. எங்களுடையது நல்லபடியாக முடியவில்லை. பூனைக்குட்டிக்கு உடம்பு சுட்டது. குழந்தைக்குக் கொடுப்பதுதானே என்று அண்ணன் அரை பாராசிட்டமால் கரைத்துக் கொடுத்தான். சில மணி நேரத்தில் முகம் வீங்கியது, ஈறு பழுப்பாகிவிட்டது. அந்த மருந்தை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும் என்றார்கள். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தது தாமதம். அண்ணன் இன்றுவரை அதைப் பற்றிப் பேசுவதில்லை. உங்கள் வீட்டு மருந்து டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவையுங்கள்: பூனைக்கு ஒன்றும் கொடுக்காதே.

*

முலுண்ட், ஏழாவது மாடி. பால்கனியில் புறா வராமல் கட்டிய வலை இருக்கிறதே என்று நம்பியிருந்தோம். எங்கள் கறுப்பி அந்த நைலானை ஒரே வாரத்தில் ஒரு மூலையில் கடித்துத் திறந்துவிட்டாள். தலை வெளியே போன நேரத்தில் என் மனைவி வாலைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தாள். இப்போது எஃகுக் கம்பி வலை போட்டிருக்கிறோம்.

*

செம்பூரிலிருந்து மறுபடியும். சயான் நண்பரே, உங்கள் குறிப்பை அப்படியே எழுதி டப்பாவில் ஒட்டிவிட்டேன். உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள், அன்று ராத்திரி என் கையில் விளக்கெண்ணெய் பாட்டில் இருந்தது.

அடுத்த வாரம் எங்கள் மொட்டை மாடியில் தளம் உடைக்கப் போகிறார்கள். அதற்கு முன்பே கேசரியை உள் அறைக்கு மாற்றிவிட்டேன். ஜன்னலுக்குக் கனமான திரை, பழைய துப்பட்டா, ஒரு தட்டு, இரண்டு கிண்ணம். இன்று காலை அள்ளியது மூன்று கட்டி.