புதுப்பிப்பு: அடுப்படிப் பக்கமே வராதவர்களுக்கு ஓர் அடுப்படி

மகள் பிரசவத்துக்காகச் சென்னை போகிறேன், காரைக்குடி வீட்டில் வீட்டுக்காரரும் மகனும் சமைக்கிற மாதிரி அடுப்படியை எப்படி ஒழுங்கு பண்ணுவது என்று கேட்டிருந்தேனே? நேற்றுத் திரும்பினேன். தாயும் சேயும் நலம்.

எங்கள் வீடு கட்டு கட்டாக, அதாவது பகுதி பகுதியாக நீளும் வீடு. சாமான்கள் ஒரு கட்டுக்குள், அடுப்பு கடைசிக் கட்டுக்குள். புளிக்கு ஒரு நடை, உப்புக்கு ஒரு நடை என்றால் யாருக்குச் சமைக்கத் தோன்றும்? அன்றாடச் சாமானை மட்டும் அடுப்புக்குக் கையெட்டும் அலமாரிக்கு மாற்றினேன். அரிசி வாளிக்குள்ளேயே டம்ளர். சுவரில், ‘1 டம்ளர் அரிசி, 2 டம்ளர் தண்ணீர், 3 விசில்’.

மசாலாவுக்குப் போடும் கல்பாசி டப்பாவில் மட்டும் பெயர் எழுத மறந்தேன். குப்பை என்று மகன் கொட்டிவிட்டான். மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளர்வதுதானே, அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்புறம் வெள்ளைப் பணியாரம். டம்ளர் நிறையப் பச்சரிசி, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து 2 மணி நேரம் ஊறவை என்றேன். ராத்திரி போன் வருகிறது: “கோபுரம்னா எவ்வளவு உயரம் ஆத்தா?”

முதல் மூன்று தட்டையாம். நாலாவது உப்பியதற்குப் படம் அனுப்பியிருந்தான்.