புது வீட்டுச் சுவரில் ஈரம்: மிச்சப் பணத்தைக் கட்டலாமா?

முதன்முறையாக வீடு வாங்குகிறோம். இன்னும் யாரும் குடியேறாத புது அடுக்குமாடி வீடு. மாதக் கடைசியில் மிச்சப் பணத்தைக் கட்டிச் சாவி வாங்க வேண்டும்.

குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கிறது. பெயின்ட் உப்பி, தொட்டால் உப்புப்போல வெள்ளைப் பொடி உதிர்கிறது. ஜன்னல் மூலைகளில் மயிரிழை விரிசல்களும் உண்டு. பூச்சு காயும்போது அவை வருவது வழக்கம்தான், விட்டுவிடலாம்.

"புதுச் சுவர், காய்ந்தால் சரியாகிவிடும்" என்று கட்டுநர் ஒரே பாட்டைப் பாடுகிறார். கூடவே பூசிய எதிர்ச்சுவர் மட்டும் எப்படிக் காய்ந்ததாம்?

குழாய்களை மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தேன், முள் அசையவில்லை. ஆனால் கழிவுநீர்க் குழாய் கசிந்தால் மீட்டர் காட்டாது. தரை ஓடுகளை நாணயத்தால் தட்டியதில், குளியலறை வாசலருகே சில ஓடுகள் பொள்ளென்று ஒலித்தன. வடிகாலை அடைத்து, குளியலறைத் தரையில் ஒருநாள் முழுக்க நீர் தேக்கிப் பார்க்க அனுமதி கேட்டேன். மழுப்புகிறார்கள். பூச்சுக்கு மேல் இன்னொரு பூச்சு பெயின்ட் அடித்துத் தருகிறார்களாம்!

இதே நிலையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்: நீர் தேக்கும் சோதனை முடியும்வரை பணத்தை நிறுத்திவைப்பதா, பழுதுபார்த்துத் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு சாவியை ஏற்பதா?