மறு: ஃபோக்ட் (Vogt, இடைக்கால ஐரோப்பால சர்ச் நிலத்தைக் காத்த பிரபு) – தமிழ்ல என்ன வைக்கலாம்?

> அறங்காவலர்னே வெச்சிடலாமே, கோயில் சொத்தைப் பாத்துக்கறவர்தானே?

ஐயா, அது ஒத்துவராது. அறங்காவலர்னா கமிட்டி, உண்டியல் எண்றது, கும்பாபிஷேக நோட்டீஸ்ல பேர் போடறதுதான் ஞாபகம் வருது. ஃபோக்ட் கத்தி பிடிச்ச ஆள். குருமார் ரத்தம் சிந்தற தண்டனை குடுக்கக்கூடாதுங்கறதால சர்ச் நிலத்துல கொலை, கொள்ளை விசாரிக்கறது, படை திரட்டறது எல்லாத்தையும் ஒரு பிரபு குடும்பத்துகிட்ட விட்டாங்க, அபராதத்துல அவங்களுக்குப் பங்கு, நாளாவட்டத்துல அதுவே பரம்பரை உரிமை.

நான் எழுதற கொரீட்சியா கட்டுரைல இந்த வார்த்தை இல்லாம ஒரு பாராகூட நகரல. இப்ப இத்தாலி-ஸ்லொவேனியா எல்லைல இருக்கற ஊர். 1001ல புனித ரோமப் பேரரசர் மூணாம் ஓட்டோ ஊர்ல பாதியை அக்விலேயாவோட முதுபெரும்தந்தைக்கும் (நிலத்தை ஆட்சியும் பண்ணின அங்கத்திய தலைமை பிஷப்) மீதியை ஃப்ரியூலி வட்டாரத்துக் கவுன்ட்டுக்கும் (பிரபு பட்டம்) குடுத்தார். 12ம் நூற்றாண்டுல கொரீட்சியா கவுன்ட்டுகளான மைன்ஹார்ட் வம்சம் அந்த அக்விலேயாவுக்கே ஃபோக்ட் ஆச்சு, 1253ல கல்யாண உறவு வழியா ஆல்ப்ஸ் மலைப் பகுதியான டிரோலும் கைக்கு வந்துச்சு. அப்புறம் 1267ல அதே வம்சத்து ஆல்பர்ட் கவுன்ட் முதுபெரும்தந்தை கிரெகோரியோவையே பிடிச்சு சிறை வெச்சார், வேலியே பயிரை மேஞ்ச கதை! இவரைப் போய் அறங்காவலர்னு எழுதினா படிக்கறவங்க சிரிப்பாங்க.

> அப்ப திருச்சபைக் காவலர்?

வாட்ச்மேன் மாதிரி இருக்கு சார். நம்ம கல்வெட்டுல பாடிகாவல் இருக்கே, காக்கற உரிமைக்கும் அதுக்கு வாங்கற வரிக்கும் சேர்த்து ஒரே பேர். காவலும் வசூலும் ஒண்ணா வர்றது இதுலதான். ஆளுக்குப் பாடிகாவலர், பதவிக்குப் பாடிகாவல்.

> பாடிகாவல்னா ஊர்க்காவல், சர்ச் தொடர்பு போயிடுதே தம்பி.

நியாயம். முதல் தடவை சபைப் பாடிகாவலர்னு முழுசா போட்டுட்டு அப்புறம் சுருக்கிக்கலாம். எப்படியும் 1420ல வெனிஸ் ஃப்ரியூலியைப் பிடிச்சதும் முதுபெரும்தந்தையோட ஆட்சி போச்சு, 1500ல வம்சத்தோட கடைசி கவுன்ட் லியோன்ஹார்ட் வாரிசில்லாம செத்து ஊர் ஹாப்ஸ்பர்க் மாக்சிமிலியன் கைக்குப் போச்சு. பின்னாடி வர்ற அட்டெம்ஸ், கொரோனீனி, லான்டியேரிங்கற அந்த ஊர் பிரபு குடும்பங்களுக்கு இந்தச் சொல்லே தேவைப்படாது. (கொரோனீனி மாளிகைலதான் பிரான்ஸ் மன்னர் பத்தாம் சார்ல்ஸ் 1836ல இறந்தார், அதையும் எங்கயாவது சொருகணும்.)

சபைப் பாடிகாவலருக்கு ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க, இல்லைன்னா கட்டுரைல இதையே போட்டுடறேன்.